மானாப்புல் மூடிய லீக்ஸ் பாத்தி

அதிகாரிகள் வருகிறார்கள் என்றால் எதையாவது ஒளித்துவைப்பது எங்கள் தோட்டத்துப் பழக்கம். இந்த முறை லீக்ஸ் பாத்திகளை ஒளித்தோம். கைவிட்ட தேயிலை மலையில் லயத்து வரிசைவீடுகளில் இருக்கும் ஆட்கள் எல்லாரும் களவாகத்தான் பயிர் போட்டிருந்தோம். "தோட்டத்துக் காணியில கைவச்ச ஆளுக்குப் புதுவீடு கெடையாது" என்று, வேலை வாங்கும் கண்டாக்கு றொனால்ட் காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போதே எச்சரித்திருந்தார். அதனால் வேலியைப் பிடுங்கிவிட்டுப் பாத்திகள்மேல் மானாப்புல்லைப் பரப்பினோம். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு!

எங்களுக்கென்று புதுவீடுகள் வரப்போவதும் அந்த மலையில்தான். எங்கள் லயத்தின் பின்சுவர் போன மழையில் வெடித்துவிட்டது. வானம் கறுத்தாலே எனக்குத் தூக்கம் கிடையாது. பிள்ளைகளை வாசல் பக்கமாகப் படுக்கவைத்துவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

நிலத்தை வகைபிரிக்க வந்த சர்மிளா மிஸ் மலையைச் சுற்றிப் பார்த்தார். "இது காடுங்க" என்றார்.

"ஐயோ, என்ன மிஸ் சொல்றீங்க? தேயில மலைங்க இது!" என்றேன்.

"கவாத்து வெட்டாம விட்டு எல்லாம் மரமாயிருச்சே. மேலேருந்து எடுத்த படத்துலயும் காடாத்தான் இருக்கு. ஆள் பொழங்குன அடையாளமும் காணோம்."

"காடுன்னு எழுதுனா என்னங்க?" என்று கேட்டாள் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் பேச்சியம்மா.

"முந்தி ஒவ்வொரு திணைக்களமும் ஒவ்வொரு பேர் வச்சிருந்துச்சு. ஒருத்தர் காக்கச் சொன்ன எடத்த இன்னொருத்தர் வெட்டுனாரு. இப்ப எல்லாருக்கும் ஒரே வகைப்பாடு. இங்க காடுன்னு பதிஞ்சா எல்லாருக்கும் காடுதான், வீடு கட்ட விடமாட்டாங்க. பயிர் நெலம்னா கட்டலாம்."

நியாயமான பேச்சுதான். மேலே உள்ள பெரிய காடு போனால் நாங்கள் குடம் வைத்துப் பிடிக்கும் பீலியில் தண்ணீர் வராது, அது எங்களுக்கும் தெரியும். ஆனால் இது அந்தக் காடில்லையே! பேச்சியம்மா தரையைப் பார்த்தாள். பக்கத்துப் பாத்திக்கார அமிர்தநாதன் அண்ணன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். நேற்றுவரை பாத்தி எல்லைக்குச் சண்டை போட்ட வாய்களில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. கண்டாக்கு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மிஸ் கையிலிருந்த திரையில் விரலை வைக்கப் போனார்.

"நில்லுங்க மிஸ்!"

ஓடிப்போய் மானாப்புல்லை அள்ளி வீசினேன். அடியில் லீக்ஸ் கசங்கிப்போய் வரிசையாக நின்றது.

"யாரு போட்டது?" என்றார் கண்டாக்கு.

யாராவது வாய் திறப்பார்கள் என்று பார்த்தேன். எங்கே!

"நான்தாங்க."

மிஸ் இன்னும் கொஞ்சம் புல்லை விலக்கிப் பார்த்துவிட்டு, பயிர் நிலம் என்று பதிந்தார். "இனி வீடுகளுக்குத் தடையில்ல" என்றார். பேச்சியம்மா மாரியாத்தாளைக் கும்பிட்டாள். என் பக்கம் திரும்பவேயில்லை.

மேலே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கண்டாக்கு பேனாவைத் திறந்து என் பேர் என்னவென்று கேட்டார். தினமும் பெரட்டில் அவர் வாயாலேயே கூப்பிடுகிற பேர்தான்.