வெள்ளோட்டத்தில் வந்தவர்கள்

திங்கட்கிழமை காலை எழிலரசியின் வயிற்றுக்கு விசேஷத் துறையிலிருந்து நோட்டீஸ் வந்தது. பெறுநர் என்ற இடத்தில் "வயிறு, மன்னார்குடி" என்று மட்டும் போட்டிருந்தது. கொண்டுவந்து கொடுத்தவர் அடுத்த வீட்டு மரகதம் அக்கா. எழிலரசிக்குக் கல்யாணமான மறுநாளிலிருந்து "என்னடி, விசேஷம் உண்டா?" என்று வாயால் கேட்டுக்கொண்டிருந்தவர். இப்போது துறையில் வேலை கிடைத்து எழுத்துமூலம் கேட்கிறார்.

எழிலரசி நோட்டீஸை வயிற்றிடம் காட்டினாள். வயிறு அதைப் படித்த மாதிரி தெரியவில்லை.

"விசேஷம் உண்டா, இல்லையா என்பதை ஒரே வார்த்தையில் நேரில் வந்து தெரிவிக்கவும்" என்று எழுதியிருந்தது. கீழே சிவப்பு மையில், "தாமதித்தால் நாங்களே உண்டு என்று எழுதிக்கொள்வோம்."

அவளுக்குப் பக்கென்றது. இன்னும் இரண்டு மாதத்தில் மாநிலக் கபடி அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். மூன்று வருஷம் ரிசர்வில் உட்கார்ந்து பெஞ்சைத் தேய்த்தவள் அவள். இந்த முறை ஏழு பேரில் ஒருத்தி நீதான் என்று கோச் சொல்லியிருந்தார். குழந்தை வேண்டாம் என்றில்லை. இப்போது வேண்டாம், அவ்வளவுதான்.

அவள் கணவன் தனசேகர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மிக்ஸி பழுது பார்ப்பவன். எந்த மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் முதலில் "ஒண்ணும் ஆகாது" என்றுதான் சொல்லுவான்.

"ஒண்ணும் ஆகாது எழில். சனிக்கிழமை நடந்தது வெறும் வெள்ளோட்டம்தானே? நான்தான் முன்னாடியே வெளியில வந்துட்டேனே."

"அது போதுமாங்க?"

"உள்ள ஒண்ணும் விடலையே. விடாதது எப்படி வரும்?"

நியாயமாகத்தான் இருந்தது. தனசேகர் சொல்லும்போது எல்லாமே நியாயமாகத்தான் இருக்கும். அந்த மிக்ஸிகள் மட்டும் ஏனோ இரண்டாவது நாள் புகைந்துவிடும்.

விசேஷத் துறை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. வாசலிலிருந்து கவுண்டர் வரை இருபதடி தாழ்வாரம். தனசேகர் "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லும்போதெல்லாம் தாழ்வாரம் பத்தடி நீண்டது. அவன் அதை ஆறு தடவை சொன்னான். ஏழாவது தடவை வாயைத் திறந்தபோது எழிலரசி அவன் வாயைப் பொத்தினாள்.

இரண்டு பக்கமும் பெஞ்சுகளில் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தார்கள். மொத்தம் நூறு ஜோடி. மரகதம் அக்கா எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இவங்கல்லாம் யாருக்கா?"

"முன்னாடியே வெளியில வந்தவங்கடி. ஒரு வருஷமா அதை மட்டுமே நம்பினவங்க."

ஐந்தாவது ஜோடியின் மடியில் ஒரு தொட்டில் இருந்தது. பத்தாவது ஜோடியின் மடியிலும் இருந்தது. எழிலரசி கடைசி வரை எண்ணிப் பார்த்தாள். இருபது தொட்டில்.

"எண்பது ஜோடி தப்பிச்சிருக்குல்ல?" என்றான் தனசேகர். தாழ்வாரம் அதற்கும் பத்தடி நீண்டது.

கவுண்டரில் பிரகதாம்பாள் என்ற அதிகாரி இருந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அதன் வழியாகவே பார்த்தார்.

"உண்டா, இல்லையா?"

"தெரியலைங்க மேடம்."

"தெரியலைங்கிறதுக்குக் கட்டம் கிடையாது. என்ன நடந்துச்சு?"

தனசேகர் நெஞ்சை நிமிர்த்தினான். "வெள்ளோட்டம் மேடம்."

அவர் அப்படியே எழுதி முத்திரை குத்தினார். "அப்ப ரயில் பிரிவு. மூணாவது கதவு."

"ஐயோ, அது ஒரு பேச்சுக்குச் சொன்னது."

"எழுதியாச்சு."

மூன்றாவது கதவைத் திறந்தால் பிளாட்பாரம். ஒரே ஒரு பெட்டியோடு ரயில் நின்றது. பக்கத்தில் பலகை: "வெள்ளோட்டம். பயணிகளுக்கு அனுமதி இல்லை." பிரகதாம்பாள் அங்கேயும் இருந்தார். கையில் பச்சைக் கொடி மட்டும் புதிது.

"பாத்தியா எழில்? காலி வண்டி. நான் சொன்னேன்ல?"

எழிலரசி குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் கட்டைவிரல் உயரம். ஆறு பேருக்கும் தனசேகரின் மீசை. ஆறு பேருக்கும் தனசேகரின் அந்த விடைத்த காது.

"நீங்கல்லாம் எப்படி ஏறுனீங்க?"

"கதவு திறந்திருந்துச்சு," என்றார் மூத்தவர்.

"அனுமதி இல்லைன்னு பலகை போட்டிருக்கே?"

"நமக்குப் படிப்பு ஏறலைம்மா. நீச்சல் மட்டும்தான்."

தனசேகர் ஜன்னலுக்குள் தலையை விட்டான். ஆறு மீசைகளையும் பார்த்துவிட்டுத் தன் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "மேடம், நான் யாரையும் ஏத்தலை. சத்தியமா."

"நீ ஏத்தலை தம்பி. பெரிய வண்டி கிளம்புறதுக்கு முன்னாடியே கொஞ்சம் கசியும். உனக்கே தெரியாது, உன்னால அடக்கவும் முடியாது. சில பேரு வெள்ளோட்டத்துல ஆளே இருக்காது. சில பேருதுல இருக்கும். வெளியில நின்னு பாத்தா எது எதுன்னு சொல்ல முடியாது."

"ஆறே ஆறு பேருதானே?"

"ஒருத்தன் போதும். பெரிய வண்டியில கோடி பேர் வந்தாலும் வேலை ஒருத்தனுக்குத்தான்."

எழிலரசிக்குக் கோபம் வந்தது. அவன் மேல் பாதி, தன் மேல் பாதி. கால் நுனி கோட்டுக்கு வெளியே பட்டாலே அவுட் என்று பதினோரு வருஷமாக விளையாடியவள், இதில் மட்டும் எப்படி அசட்டையாக இருந்தோம் என்று பல்லைக் கடித்தாள்.

"நீங்க எங்க போறீங்க?" என்று மூத்தவரிடம் கேட்டாள்.

"முட்டை ஸ்டேஷனுக்கு. இன்னும் திறக்கலையாம். வெயிட்டிங் ரூம்ல இருக்கச் சொன்னாங்க. அஞ்சு நாள் வரைக்கும் தாங்குவோம்."

"இவங்களை இறக்கிவிட முடியாதா மேடம்?"

"ஆளை இறக்க மாட்டோம்மா. ஸ்டேஷனைத் தள்ளி வைப்போம்." பிரகதாம்பாள் கொடியின் மடிப்பிலிருந்து ஒரு அவசரக் கருத்தடை மாத்திரையை எடுத்தார். "முட்டை இன்னும் வெளியில வரலைன்னா இது தள்ளிப் போடும். வந்துட்டா இதால ஒண்ணும் பண்ண முடியாது. நடந்ததுலேருந்து மூணு நாளுக்குள்ள போடணும். நாளைக்குப் போடுறதை விட இன்னைக்குப் போடுறது நல்லது."

"கண்டிப்பா கேக்குமா?"

"கண்டிப்பாங்கிற வார்த்தை எங்க ஆபீஸ்ல இல்ல. மூணு வாரம் கழிச்சு டெஸ்ட் பண்ணிப் பாத்துக்க." பிறகு தனசேகர் பக்கம் திரும்பினார். "நீ இனிமே ஆணுறையை முதல்லயே போடு. பாதியில இல்ல, கடைசியில இல்ல. முதல்லயே."

பிளாட்பாரத்தில் இருந்த அத்தனை பேரும் தனசேகரைத் திரும்பிப் பார்த்தார்கள். பிளாட்பாரத்தில் எழிலரசியையும் பிரகதாம்பாளையும் தவிர யாருமே இல்லை. இருந்தும் அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

எழிலரசி மாத்திரையை விழுங்கினாள். தண்டவாளத்தின் கோடியில் "முட்டை" என்ற பெயர்ப் பலகை ஆடியது. நான்கு போர்ட்டர்கள் வந்து ஸ்டேஷனைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். டீக்கடை, குடிநீர்க் குழாய், மேம்பாலம் எல்லாம் சேர்ந்து போனது. அது புள்ளியாகிற வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அழுகை வந்தது. நிம்மதியா பயமா என்று அவளுக்கே தெரியவில்லை.

பிரகதாம்பாள் இன்னொரு படிவத்தை நீட்டினார். "மூணு வாரம் கவலைப்படணும். யாரு பேருல போட? வழக்கமா பொம்பளை பேருலதான் போடுவோம்."

"அவரு பேருல போடுங்க," என்றாள் எழிலரசி. "எனக்கு நாலு மணிக்குப் பிராக்டிஸ்."

"எழில்!"

"எழுதியாச்சு," என்றார் பிரகதாம்பாள்.

தனசேகரை வெயிட்டிங் ரூமில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். இந்தப் பக்கம் அந்தக் கட்டைவிரல் ஆட்கள் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர். கவலைப்பட்டுப் பழக்கமில்லாததால் முதலில் அவனுக்குச் சரியாக வரவில்லை. நகத்தைக் கடித்துப் பார்த்தான். காலை ஆட்டிப் பார்த்தான். ஆறு பேரும் அதே மாதிரி காலை ஆட்டினார்கள்.

மூத்தவர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"அப்பா, ஸ்டேஷன் எப்பப்பா வரும்?"

தனசேகர் வாயைத் திறந்தான். "ஒண்ணும் ஆகாது" நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, கதவருகே நின்று ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்த எழிலரசியைப் பார்த்தான்.

"அதை அம்மாகிட்டதான் கேக்கணும்," என்றான்.

ஆறு மீசைகளும் அவள் பக்கம் திரும்பின.

"இப்ப இல்ல," என்றாள் எழிலரசி.

"சரிம்மா," என்றார் மூத்தவர். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்கள். தனசேகருக்கும் ஒரு பருக்கை கொடுத்தார்கள்.