இரண்டாம் முறை நட்ட சிலுவை

2004 மார்கழி 29ஆம் திகதி, சுனாமி அடித்து மூன்றாம் நாள், வாவிக்கரையில் ஒதுங்கிய ஓர் உடலைத் துசாந்தன் என்று அடையாளம் காட்டியவன் நான். முகம் பார்க்கும் நிலையில் இல்லை. நத்தார்ப் பண்டிகைக்கு அவனுடைய தாய் நேசமலர் அக்கா எடுத்துக்கொடுத்த நீலக் கோடு போட்ட சட்டையைப் போல ஒன்று உடலில் இருந்தது, அதைக்கொண்டுதான் சொன்னேன். சபைச் செயலாளர் என்பதால் அடக்கப் பதிவேட்டிலும் நானே எழுதினேன். மரச் சிலுவையில் பெயரும் திகதியும் இட்டு நட்டோம்.

அடக்கம் முடிந்து ஆறாம் நாள் துசாந்தன் உயிரோடு வந்து சேர்ந்தான். கடல் அவனை வாவியோரச் சதுப்பில் கண்ணாமரக் காட்டுக்குள் எறிந்திருக்கிறது. காத்தான்குடி மீராசாஹிப் நானா தோணியில் ஏற்றிப்போய், கால் முறிந்தவனைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்திருக்கிறார். சபையே அழுதது. சிலுவையைப் பிடுங்கிக் கோயில் களஞ்சிய அறையில் வைத்தேன். அப்படியென்றால் குழிக்குள் கிடப்பது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த உயிர்த்த ஞாயிறு தொடங்கி, மயானத்தில் நடக்கும் விடியற்கால ஆராதனையில் அவனே சாட்சி. "உயிர்த்தெழுதல் இல்லையெண்டால் எங்கட விசுவாசம் வெறும் பதர். இந்தா பாருங்க, எழும்பி வந்த பிள்ளை" என்று போதகர் காட்டுவார். "எழும்பினவர் வாறார், கதிரை போடுங்கடா" என்று கூட்டாளிமார் பகிடி பண்ணுவார்கள்.

2006இல் லொறி ஓட்ட வன்னிக்குப் போனான். 2009 சித்திரையில், கடைசி யுத்தத்துக்குள், முள்ளிவாய்க்காலில் அவனைக் கண்டதாக ஒருவர் சொன்னார். பிறகு செய்தி இல்லை. அக்கா பொலிசில் மகன் பெயரை உரத்துச் சொல்லி முறைப்பாடு கொடுத்தார். அவருக்காக அதிகாரிகளுக்குப் பதினேழு கடிதங்கள் எழுதினேன். பிரதிகள் திகதி வாரியாகக் கோவையில் இருக்கின்றன. மூன்றுக்குப் பதில் வந்தது, கடிதம் கிடைத்தது என்று.

சாட்சி மட்டும் நிற்கவில்லை. மகனுக்குப் பதில் தாயை நிறுத்தினார்கள். ஒருமுறை வந்தவன் மறுமுறையும் வருவான் என்றார் போதகர்.

2012 உயிர்த்த ஞாயிறுக்கு முதல்நாள் மத்தியானம் அக்கா என்னிடம் வந்தார்.

"தம்பி, என்ட மகன்ட சிலுவை எங்க?"

"என்னத்துக்கு அக்கா?"

"திகதியை மாத்தி எழுதணும்."

"எந்தத் திகதி போடுற?"

"பதினேழு கடிதத்திலயும் அதைத்தானே கேட்டம். வருஷத்தை மட்டும் போடுங்க."

வெள்ளை பூசி, 2009 என்று எழுதிக் கொடுத்தேன்.

விடிய, ஏழு வருடம் பெயரில்லாமல் கிடந்த அந்த மேட்டில் அவரே சிலுவையை நட்டார். போதகர் விரைந்து வந்தார்.

"அக்கா, அவசரப்படாதீங்க. அவன் உயிரோட இருக்கலாம். நீங்களே நம்பிக்கையை விட்டா சனம் என்ன நினைக்கும்?"

"நான் விடல்ல ஐயா. அவன் முந்திச் சாகவும் இல்ல, எழும்பவும் இல்ல. மீராசாஹிப் நானா வீட்டில கஞ்சி குடிச்சிட்டுக் கிடந்தவன். அதைக் காட்டிக் காட்டி என்ட வாயை அடைச்சிட்டீங்க. செத்தவனுக்குத்தானே ஐயா உயிர்ப்பு? என்ட பிள்ளை செத்தவன் எண்டு சொல்ல விடுங்க. இல்லாட்டி நான் எதை நம்புற?"

போதகர் குரலைத் தாழ்த்தினார். "உள்ளுக்குக் கிடக்கிறது வேற ஆரோ அக்கா."

"தெரியும். அவனுக்குப் பேரில்ல, என்ட பிள்ளைக்குக் குழியில்ல. கடைசி நாளில ஆண்டவர் கூப்பிடக்குள்ள ரெண்டு பேரும் இந்த ஒரு பேருக்கு எழும்பட்டும்."

அன்று சாட்சி நடக்கவில்லை. விசுவாசப் பிரமாணம் சொன்னோம். மரித்தோர் உயிர்த்தெழுவர் என்ற வரி வந்தால் மூன்று வருடமாக வாய் திறக்காத அக்கா, அன்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். பொலிசில் முறைப்பாடு கொடுத்த அன்று இருந்த அதே குரல்.