அத்தை கொண்டுபோன சேதி

என் கல்யாணப் பத்திரிகையில் ஒரு பெயர் விட்டுப்போனது. என் மாமனார் கன்னியப்பனின் ஒரே தம்பி சின்னப்பையனின் பெயர். அச்சகத்தில் விட்டார்களா, எழுதிக் கொடுத்த மாமாவே விட்டாரா, இன்றுவரை யாருக்கும் தெரியாது. தம்பி கோபித்துக்கொண்டு கல்யாணத்துக்கு வரவில்லை. அண்ணனும் போய்க் கூப்பிடவில்லை. 1984-லிருந்து பன்னிரண்டு வருஷம் சேக்காட்டிலிருந்த அண்ணனும் வெள்ளானூரிலிருந்த தம்பியும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

ஆனாலும் சேதி போய்க்கொண்டுதான் இருந்தது. அதை உண்டாக்கியவர் என் மாமியார் வேம்புலியம்மாள்.

மாதத்துக்கு ஒருமுறை அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு வெள்ளானூருக்கு பஸ் ஏறுவார். கையில் அவரே தைத்த சட்டை இருக்கும், இல்லாவிட்டால் அவரே பின்னிய வயர் கூடை. "உங்க அண்ணன் குடுத்தனுப்பிச்சாரு" என்று நீட்டுவார். பஸ்ஸிலேயே வசனத்தை என்னிடம் ஒத்திகை பார்த்துவிடுவார். ஒருமுறை, "ஒடம்பப் பாத்துக்கச் சொன்னாருன்னு சொல்லுங்க அத்தை" என்றேன். முறைத்தார்.

"உங்க மாமா வாயில அது வருமா? 'அந்த முட்டாளு டாக்டராண்ட போனானா இல்லியா'ன்னுதான் கேப்பாரு. அப்டி சொன்னாத்தான் உங்க சின்ன மாமா நம்புவாரு."

பள்ளிக்கூடம் பக்கமே போகாத மனுஷி. பேரனின் மாறுவேடப் போட்டிக்குப் பழைய சைக்கிள் டியூபில் யானைத் தும்பிக்கை செய்து பரிசு வாங்க வைத்தவர். மாமா எந்த ஷிப்டுக்குப் போனாலும் சுடச்சுடச் சோறு கட்டிக் கொடுத்தவர். அவரைப் போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை.

மாமாவுக்கு இது எதுவுமே தெரியாது. என் பயமெல்லாம் அவரை நினைத்துத்தான். பொய் என்றால் அவருக்கு ஆகாது. சின்ன வயசில் ஒரு பொய் சொன்னதற்காக என் புருஷனை ஒரு நாள் முழுக்கப் பட்டினி போட்டவர்.

96 ஆடியில், மூன்றே நாள் காய்ச்சலில் அத்தை போய்விட்டார். சாவுக்கு வந்த சின்ன மாமா கால்மாட்டில் நின்று அழுதுவிட்டு, சுடுகாட்டிலிருந்தே ஊருக்குப் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவரோ பந்தியில் அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேரும் வாயைத் திறந்தால் போதும், அத்தை பொய்க்காரி ஆகிவிடுவார். ஆறிப்போன சண்டையும் மறுபடி பற்றிக்கொள்ளும். நான் சாம்பார் வாளியோடு அந்த இரண்டு இலைகளையே சுற்றிச் சுற்றி வந்தேன்.

ரசம் வரைக்கும் தப்பித்தோம்.

"அண்ணாத்தே," என்றார் சின்ன மாமா. "நீ வருஷா வருஷம் அனுப்ச்ச சட்டயத்தான் போட்டுக்கினு கீறேன். இதுகூட போன பொங்கலுக்கு நீ குடுத்ததுதான்."

மாமாவின் கை இலையிலேயே நின்றது. "நானா?"

"அண்ணிதான் கொண்டாந்து குடுத்துச்சி. 'பீடிய வுட்டானா அந்தக் கஸ்மாலம்'னு நீ கேட்டியாம். நம்ம மேல இவ்ளோ அக்கற கீதேன்னு நெனச்சிக்குவேன்."

மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் முகத்தில் எல்லாம் எழுதி ஒட்டியிருந்திருக்கும். பிறகு தம்பியின் காலரைப் பார்த்தார். அதில் மூன்று வரிசைத் தையல் ஓடியிருந்தது. மாமா போட்டிருந்த சட்டையின் காலரிலும் அதே மூன்று வரிசைதான்.

"கழுத்து புடிக்குதா?" என்று கேட்டார்.

"இல்லண்ணா, சரியாத்தான் கீது."

"அளவு சொன்னது நான்தான்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "பீடிய வுட்டியா இல்லியா, அதச் சொல்லு மொதல்ல."

"வுட்டு ரெண்டு வருஷம் ஆச்சிண்ணா," என்று சொல்லும்போதே சின்ன மாமாவுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாளியை அங்கேயே வைத்துவிட்டுப் புழக்கடைக்குப் போய் அழுது தீர்த்தேன். பதினாறு நாளில் அன்றுதான் நிம்மதியாக அழுதேன்.

சாயங்காலம் சின்ன மாமா பஸ் ஏறியதும் மாமா என்னைக் கூப்பிட்டார். இன்றைக்குத் திட்டு நிச்சயம் என்று போய் நின்றேன்.

"அடுத்த ஞாயித்திக்கெழம வெள்ளானூரு வரேன்னு அவனாண்ட சொல்லிக்கீறேன்," என்றார். "பன்னெண்டு வருஷமா நான் இன்னா இன்னா குடுத்தேன், இன்னா இன்னா சொன்னேன், ஒண்ணு வுடாம சொல்லு. நான் அங்க போயி எதுனா ஒளறி வெச்சா உங்க அத்த மானம் பூடும்."