ரமீஜாவின் செல்கள்

மதுரை ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஆராய்ச்சியாளர் கோதைநாயகி போனில் பேசினார். ரமீஜாவின் கழுத்துக் கட்டியிலிருந்து எடுத்த செல்கள் அங்கே இன்னும் வளர்கின்றன. நோய் புது மருந்துக்கு முதலில் கேட்டது, பிறகு கேட்கவில்லை. ஏன் என்று அந்தச் செல்களில் பார்க்க வேண்டுமாம்.

"அவங்க குடுத்த சம்மதம் சிகிச்சை முடியிற வரைக்கும்தான். இனி நீங்கதான் சொல்லணும் சார். வேண்டாம்னா திருப்பிக் குடுத்துர்றோம்."

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ரமீஜா என் மனைவி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியில் வேதியியல் டீச்சர். நான் ராஜபாளையத்தில் ஒரு மில்லில், நூலைக் கோனில் சுற்றும் பிரிவில் சூப்பர்வைசர். மருந்துச் சோதனையில் அவளைச் சேர்த்த அன்று, திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குப் பாடம் நடத்தினாள்.

"உங்க கோன் மாதிரிதான். செல்லுக்குள்ள ஜீனெல்லாம் நூலாச் சுத்திக் கெடக்கு. ரொம்ப இறுக்கிச் சுத்துனா?"

"உருவ வராது."

"அம்புட்டுத்தான். 'போதும், வளராத'ன்னு சொல்ற ஜீன் அந்த இறுக்கத்துல மாட்டிக்கிருச்சு. இறுக்குறது ஒரு என்சைம். இந்த மாத்திரை அத வேலை செய்ய விடாது. நூல் தளந்துரும்."

"நானும் இறுக்கித்தான சுத்துறேன். நானும் என்சைமா?"

"உங்க இறுக்கத்துக்கெல்லாம் மாத்திரை கிடையாது."

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

அந்தக் கோடையில் கட்டி கரைந்தது. மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக்குப் போனோம். ஓடையில் காலை விட்டுக்கொண்டு, உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டு மாங்காய் தின்றாள். நாக்கு எரிய எரிய இன்னொன்று கேட்டாள். மழைக்காலத்தில் கட்டி திரும்ப வந்தது. ரம்ஜானுக்கு அவள் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் அவள் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். நூர்பானு மாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வாங்கிட்டு வந்துருங்க மாப்ள. உங்க மாமாவுக்குச் சக்கரையில கால்வெரல எடுத்தப்போ, அதக்கூடத் துணியில சுத்தி மையவாடியில அடக்கலியா? எம்புள்ளையோட மிச்சம் ஊரான் கையில இருக்கதா?"

எனக்கு அடக்கவும் மனமில்லை, ஆராய்ச்சிக்குக் கொடுக்கவும் மனமில்லை. அவளுடையது ஏதோ ஒன்று மதுரையில் வளர்கிறது. அது அப்படியே வளரட்டும் என்றிருந்தது.

"அது இன்னும் உயிரோட இருக்கு மாமி."

"எது?"

"அந்தக் கட்டியோட செல்லு."

கீரையைக் கீழே வைத்தார்.

"எம்புள்ள போயிட்டா. அவளத் தின்னது உயிரோட இருக்கா?"

நான் தலையாட்டினேன்.

"அத எதுக்கு அவ பக்கத்துல கொண்டாந்து பொதைக்கணும்? அவிய அத என்ன செய்வாக?"

"விதவிதமா மருந்து ஊத்திப் பாப்பாங்க. எதுல சாகுதுன்னு."

"நல்லா ஊத்தச் சொல்லுங்க." மறுபடி கீரையை எடுத்தார். "செத்த இருங்க. சாப்டுட்டுப் போகலாம்."

அவர் சொன்னது சரி. எனக்கும் தெரிந்ததுதான். வாசலுக்கு வந்து கோதைநாயகியைப் போனில் கூப்பிட்டேன். சம்மதம் என்றேன்.

"ரொம்ப நன்றி சார். அடுத்த வாரமே மருந்து வச்சிருவோம்."

"அதுக்கு முன்னால ஒருதடவ பாக்கலாமா?"



"பாக்கலாம் சார். ஆனா மைக்ரோஸ்கோப்புல வெறும் புள்ளி புள்ளியாத்தான் தெரியும்."

"பரவால்ல," என்றேன். "வாரேன்."