பாலாம்பிகையிடமிருந்து பதில்

கணினி மொழியின் கருவிலிருந்து ‘பதில்’ என்ற கட்டளையை வெளியே எடுத்த மறுநாள் முதல், அக்குறணை பஹ்மிக்கு ஸலாத்துக்குப் பதில் சொல்ல வரவில்லை. ஆள் சுகமாகத்தான் இருந்தான். பேக்கரியில் பாண் வாங்கினான், பஸ் ஏறினான், மழையைப் பற்றிக் குறைப்பட்டான். யாராவது ஸலாம் சொன்னால் மட்டும் திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

கண்டியில் ஒரு கடை மாடியில் இருந்துகொண்டு அவனும் கூட்டாளிகளும் அந்த மொழியை உருவாக்கியிருந்தார்கள். வத்தேகம கடைகளின் கணினிகள்கூட அதில்தான் ஓடின. வாடிக்கையாளரின் செய்திக்கு யாரும் சொல்லாமலே மறுமொழி அனுப்புவது ‘பதில்’. அதை எழுதியவள் கூட்டாளிகளில் ஒருத்தியான பன்வில தோட்டத்துப் பாலாம்பிகை. வருகிற கடைக்காரர்கள் மற்றதை விட்டுவிட்டு அதைத்தான் மெச்சினார்கள். அவள் தோட்டத்துத் தேர்த் திருவிழாவுக்குப் போயிருந்த நேரம், மொழியின் கரு பாரமாகிவிட்டது என்று சொல்லி, பஹ்மி அதை மட்டும் தூக்கி அவள் பெயரில் தனிப் பொதியாக வெளியே வைத்தான். இனி வேண்டியவர்கள் முதல் வரியில் ‘பாலாம்பிகையிடமிருந்து பதில்’ என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் வராது.

திரும்பி வந்தவள் திரையைப் பார்த்தாள். “ஒரு வார்த்த சொல்லிட்டு எடுத்திருக்கலாமே, பஹ்மி அண்ணே.”

அவன் பாரம் என்றான்.

“அதவிடப் பாரமானதெல்லாம் உள்ளதானே கெடக்கு. அதெல்லாம் நீங்க எழுதினதுங்களே.”

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, பள்ளிவாசல் முற்றத்தில் ஹலீம் ஹாஜியார் ஸலாம் சொன்னார். அவருடைய மகள் றமீஸாவைத்தான் பஹ்மிக்குப் பேசியிருந்தார்கள். பஹ்மி வாயை மட்டும் திறந்தான்.

“என்ன மகன், மாமாட ஸலாத்துக்குப் பதில் செல்ல ஏலாதா? கண்டில வாயக் கட்டி அனுப்பினாங்களா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பஹ்மி தனக்குத் தெரிந்த ஒரே வழியில் பதிலைக் கேட்டுப் பார்த்தான். “பாலாம்பிகையிடமிருந்து பதில்” என்றான், முற்றம் முழுக்கக் கேட்க. உடனே வஅலைக்குமுஸ்ஸலாம் என்ற பதில் அவன் வாயிலிருந்து சுத்தமாக வந்தது.

“யாரு அது பாலாம்பிகை?” என்று கேட்டார் ஹாஜியார்.

காதலி என்று சொல்ல முடிந்திருந்தால் அவனுக்கு அத்தனை வெட்கம் இருந்திருக்காது. பொறாமையில் செய்ததைச் செருப்பைப் பார்த்தபடி சொன்னான்.

“புள்ள இல்லாத நேரம் பாத்தா?” என்றார் ஹலீம். “போய் அந்தப் புள்ளட்டக் கேட்டுச் சரிசெஞ்சிட்டு வாங்க. கலியாணத்தப் பொறகு பேசுவம்.”

பஹ்மி போய் முற்றத்தில் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டான், திரும்ப உள்ளே வைத்துவிடுகிறேன் என்றான். பாலாம்பிகை யோசித்துப் பார்த்தாள். “கடைக்காரங்க எல்லாம் புதுசுக்கு மாறிட்டாங்க. இப்ப உள்ளயும் வச்சா ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு ரெண்டு பதில் போகும். வெளியிலயே கெடக்கட்டும். நீங்க கேட்டே வாங்கிக்கங்க.”

அவன் தன்னுடைய கட்டளைகளையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தன் பெயரில் பொதியாக்கினான். அதை யாரும் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. இதையும் ஹலீமிடம் மறைக்காமல் சொன்னான். அடுத்த வருடம் றமீஸாவுடன் நிக்காஹ் நடந்தது. வந்தவர்கள் அத்தனை பேரின் ஸலாத்துக்கும் அந்தப் பெயர் மண்டபத்தில் ஒலித்தது. பெண்கள் பக்கம், கூடிச் சாப்பிடும் சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்த பாலாம்பிகை சோற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.

இப்போது அவனுடைய பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அக்குறணையில் பஹ்மிக்கு ஸலாம் சொல்கிறவர்கள் அந்தப் பெயர் முடியும்வரை நிற்கிறார்கள். அவன் தரையைப் பார்த்தபடி அதைச் சொல்கிறான். பிறகு பதில் வருகிறது, வாங்கிக்கொண்டு போகிறார்கள்.