வாமதேவன் கடைக் கண்ணாடி

டேப்பைப் பல்லால் கடித்து அறுத்து, கணவனின் படத்தைக் கண்ணாடியில் ஒட்டப்போன சிவனேஸ்வரியைத் தடுக்க, வாமதேவன் கல்லாவை விட்டு ஓடிவந்தார்.

“தங்கச்சி, பொறுங்கோ. உது புதுக் கண்ணாடி.”

பாரிஸின் தமிழ்க் கடைத்தெரு லா ஷப்பலில் மரண அறிவித்தல் ஒட்டாத கண்ணாடி கிடையாது. உயிரோடு இருந்தபோது ஒருவரும் திரும்பிப் பாராத முகத்தை, செத்த மறுநாள் மீன் வாங்க வந்த சனம் முழுதும் நின்று வாசிக்கும். அதிலும் வாமதேவன் கடைக் கண்ணாடி ஒரு தேரின் அகலம். அதில் ஒட்டினால் கனடாவில் இருப்பவனும் எட்டி வாசித்துவிடுவான். அதில் இடம் கிடைக்காதவனுடைய செத்தவீட்டுக்கு ஆள் சேராது. அவள் கணவன் மார்க்கண்டுவைப் பற்றித் தெரு ஏற்கெனவே முடிவுகட்டியிருந்தது: அந்தக் கண்ணாடியை உடைத்தவன்.

“உள்ளுக்கை ஒட்டுவம். மீன் பெட்டிக்குப் பக்கத்திலை.”

“மீன் வாசிக்குமோ அண்ணை?”

மூன்று கிழமைக்கு முந்திய கதை அது. வன்னியில் ஷெல் விழ விழ, இங்கே சனம் தெருவில் இறங்கியது. கடைகள் பூட்டின. வாமதேவன் மட்டும் இரும்புக் கதவை அரைவாசி இறக்கிவிட்டு அரிசி விற்றார். “காட்டுக்குள்ளையிருந்து வந்ததுகள் கத்தட்டும், கடை வாடகையை ஆர் கட்டுறது?” என்றார். எவனோ ஒருவன் காதில் அது விழுந்தது. கல் வந்தது. கண்ணாடி ஆயிரம் துண்டானது என்றால் குறைத்துச் சொல்வதாகும்.

பொலிஸ் வந்து, தோல் கறுத்தவர்களையெல்லாம் வண்டியில் அள்ளியது. பாண் வாங்க வந்த பாண்டிச்சேரி ழான்-லூக், தபால் இலாகாவில் முப்பது வருடம் முத்திரை குத்தி ஓய்வுபெற்றவர், பிரெஞ்சு அடையாள அட்டையை மாதா சுரூபம் போலத் தலைக்குமேல் தூக்கிக் காட்டியபடியே ஏறினார். அவரை ஒரு மணித்தியாலத்தில் விட்டார்கள். அவர்தான் பிறகு சிவனேஸ்வரியிடம் சொன்னார்:

“ஒங்க மிஸ்யே எம் பக்கத்துலதாம்மா உக்காந்திருந்தாரு. கையெல்லாம் ரத்தம். கண்ணாடித் துண்டப் பொறுக்கினப்ப புடிச்சாங்களாம். சனங்க செருப்போட நடக்குமேன்னாரு.”

மார்க்கண்டு பதினெட்டு வருடம் உணவகத்தில் கோப்பை கழுவியவன். எங்கே கண்ணாடி உடைந்தாலும் கை தானாகக் குனியும். இரண்டு நாள் உள்ளே இருந்தான். நெஞ்சு வருத்தத்துக்குப் போடும் குளிசை வீட்டில். அதைக் கேட்க அவனிடம் பிரெஞ்சு இல்லை. முந்தாநாள், புறநகர் சார்செலில் அவர்கள் குடியிருந்த, லிஃப்ட் பழுதான கட்டடத்தின் ஏழாவது மாடிப் படியில், பால் பெட்டியோடு குந்தி இருந்துவிட்டான். எழும்பவில்லை.

“அண்டைக்கு இவர் துண்டு பொறுக்கேக்கை நீங்கள் கதவுக்குக் கீழாலை பாத்துக்கொண்டு நிண்டனியள் எல்லோ, அண்ணை?”

வாமதேவன் படத்தைப் பார்த்தார். பிறகு அவளிடமிருந்து டேப்பை வாங்கி, கண்ணாடியின் நட்டநடுவில், ஆள் முகத்தின் உயரத்தில், நான்கு மூலையும் தானே ஒட்டினார்.

முருங்கைக்காயோடு வந்த ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். “உவர்தானே உங்கடை கண்ணாடியை உடைச்சவர்?”

சிவனேஸ்வரி வாமதேவனைத் திரும்பிப் பார்த்தாள்.

“நாளைக்குப் பத்து மணிக்கு எடுக்கினம்,” என்றார் வாமதேவன். “நானும் போறன்.” சொல்லிவிட்டு, அந்தப் பெண் நீட்டிய முருங்கைக்காயை நிறுக்க உள்ளே போனார்.

சிவனேஸ்வரி கைப்பையை எடுக்கக் குனிந்தாள். கண்ணாடிச் சட்டத்தின் கீழ் மூலையில், ரப்பருக்குள், பழைய கண்ணாடியின் சில்லு ஒன்று மினுங்கியது. நகத்தால் கிளப்பி எடுத்தாள். மிஞ்சியிருந்த அறிவித்தல் ஒன்றில் இரண்டு மடிப்பாகச் சுற்றி, கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, ரயிலடிக்கு நடந்தாள்.