மார்த்தா எட்டும் அவள் தங்கையும்

மரத்தூள் உருளைகளை எரிக்கும் பெல்லட் அடுப்புகளில், எந்த அடுப்பின் எந்த உறுப்பு வேறு எந்த அடுப்புக்குப் பொருந்தும் என்று ஒரு பட்டியல் எங்கள் கார்னியா மலைப் பக்கத்தில் பத்து ஊர்களுக்குக் கைபேசி வழியாகச் சுற்றுகிறது. நாற்பத்தொரு அடுப்புகள், ஒவ்வொன்றுக்கும் பதினேழு கட்டங்கள். தயாரித்தவன் நான். யாரும் கேட்கவில்லை. ஊராட்சிக்காகத் தண்ணீர் மீட்டர் பார்ப்பது என் வேலை. மீட்டரைப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். அந்த வீட்டு அடுப்பின் பின்தகட்டைக் கழற்றிப் பார்க்க ஒரு மணி நேரம்.

போன அக்டோபரில், பக்கத்து ஊரில் ரொட்டிக் கடை நடத்தும் ஒர்னெல்லா பட்டியலுக்குக் கீழே ஒரு கேள்வி கேட்டிருந்தாள்: "எல்லாம் போட்டிருக்கீங்க, மோட்டார் எந்தப் பக்கம் சுத்தும்னு ஏன் போடல?" வேகம்தான் முக்கியம், திசை ஒரு பொருட்டே அல்ல என்று மூன்று பத்தி பதில் எழுதினேன். கடைசி வரியில், ரொட்டி சுடுவது வேறு, அடுப்பைப் புரிந்துகொள்வது வேறு என்றும் சேர்த்தேன். அந்தப் பதிலுக்கு இதயக் குறி போட்டது நான் மட்டும்தான்.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை எங்கள் அடுப்பு நின்றது. மார்த்தா எட்டு எஸ் என்பது அதன் பெயர். தொட்டியில் கொட்டிய மரத்தூள் உருளைகளை ஒரு திருகுத்தண்டு மெதுவாகச் சுழன்று சாய்வாக மேலே ஏற்றும். உச்சியிலிருந்து அவை சிறுகச் சிறுக நெருப்பில் விழும். அந்தத் தண்டைச் சுழற்றும் மோட்டார் செத்துவிட்டது. கடையில் கேட்டேன். புது மோட்டார் வர ஒன்பது நாள்.

வீட்டுக்குள் பதினொரு டிகிரி. என் மனைவி நீவெஸ் கோட்டு போட்டுக்கொண்டு காபி போட்டாள். எங்கள் மகள் மார்ட்ஸியாவுக்கு அந்த வாரம்தான் பிள்ளை பிறந்திருந்தது.

"நாலு மணிக்கு மார்ட்ஸியா ஆஸ்பத்திரியிலேருந்து பிள்ளையோட வர்றா. வீடு இப்படி இருந்தா உள்ளயே வரமாட்டா. நேரா உதினேக்கு, மாமியார் வீட்டுக்குப் போயிடுவா. அங்க போனா பேரனை ஈஸ்டருக்குத்தான் பார்ப்போம்."

"நாலு மணிக்குள்ள எரியும்."

"பழைய விறகடுப்பு இருந்திருந்தா இப்பவே எரியும்."

அதைப் போன கோடையில் அவள் அண்ணன் துய்லியோவுக்குத் தூக்கிக் கொடுத்தவன் நான். இனி அது அருங்காட்சியகத்துக்குத்தான் ஆகும் என்று சொல்லிக் கொடுத்தேன். துய்லியோவின் பெல்லட் அடுப்பு இடி விழுந்து கருகிப்போயிருந்தது. இப்போது அவன் தன் ஒற்றை அறையில் மூன்று வேட்டை நாய்களோடு சுகமாகக் குளிர்காய்ந்துகொண்டிருந்தான்.

ஆனால் அவனுடைய கருகிய அடுப்பு மார்த்தா எட்டு. எங்களுடையதற்கு அக்கா. ஒரே தொழிற்சாலையில் பிறந்தவை. தகரச் சட்டைதான் வேறு. மின்பலகைதான் கருகியது, மோட்டார் நன்றாக இருந்தது. பட்டியலை விரித்தேன். தண்டின் தடிமன் ஒன்றே. திருகுத் துளைகளின் இடைவெளி ஒன்றே. நிமிடத்துக்கு இரண்டு சுற்று, அதுவும் ஒன்றே. பதினேழு கட்டமும் பொருந்தின. இவ்வளவு பொருத்தம் எங்கள் கல்யாணத்துக்குக்கூட இருந்ததில்லை என்றேன். நீவெஸ் மறுக்கவில்லை.

துய்லியோ மோட்டாரை ஒரு கையிலும் கிராப்பா சாராயத்தை மறு கையிலும் ஏந்தி வந்தான். இருபது நிமிடத்தில் மாட்டினேன். மோட்டார் இனிமையாக உறுமியது.

"கேட்டியா மச்சான்? இதுதான் சரியான சத்தம்."

"சத்தம் சரி மாப்ள. நெருப்பு எங்க?"

நெருப்பு வரவில்லை. நெருப்புத் தட்டில் ஓர் உருளைகூட விழவில்லை. பெல்லட்டில் ஈரம் என்றேன். இரண்டாம் முறை முயன்று, உணர்கருவியில் கோளாறு என்றேன். மூன்றாம் முறை, மலையில் காற்றழுத்தம் மாறியிருக்கிறது என்று ஒரு காகிதத்தில் படம் வரைய ஆரம்பித்தேன்.

"இது ஏன் பொங்குது?" என்றாள் நீவெஸ். தொட்டி மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே உருளைகள் உலைச்சோறு மாதிரி மெல்ல மெல்ல மேலே புரண்டன. அது இயல்புதான் என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே என் குரல் தேய்ந்தது. தண்டு பெல்லட்டை நெருப்புக்கு ஏற்றவில்லை. தொட்டிக்கே திருப்பித் தள்ளிக்கொண்டிருந்தது.

துய்லியோவின் அடுப்பில் மோட்டார் தண்டின் அடிமுனையில் இருக்கும். எங்களுடையதில் மேல்முனையில். கண்ணாடிக் கடிகாரத்தைப் பின்னால் நின்று பார்த்தால் முள் இடமிருந்து வலமாக அல்ல, எதிர்ப்பக்கமாக ஓடும் அல்லவா, அதேதான். ஒரே தண்டை எதிர்முனையிலிருந்து சுழற்ற, எதிர்ப்பக்கம் சுழலும் மோட்டார் வேண்டும். அக்காவும் தங்கையும் எல்லாவற்றிலும் ஒன்று, பதினெட்டாவது கட்டத்தைத் தவிர. அந்தக் கட்டம்தான் என் பட்டியலில் இல்லை.

மணி இரண்டரை.

"ரொட்டிக்கடைக்காரி என்னமோ கேட்டாளே, அக்டோபர்ல?" என்றான் துய்லியோ, கிராப்பாவை ஊற்றியபடி.

"ஞாபகம் இல்ல."

"எனக்கு இருக்கு. நீதான் சாப்பாட்டு மேசையில உரக்கப் படிச்சுக் காட்டின. ரெண்டு தடவை."

நீவெஸ் கைபேசியை என் கையில் வைத்தாள். பேரனை நினைத்துக்கொண்டு ஒர்னெல்லாவின் எண்ணை அழுத்தினேன்.

"மோட்டார் பின்பக்கமா சுத்துதா?" என்றாள் ஒர்னெல்லா. அதுவரை நான் என் பெயரை மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

"எப்படித் தெரியும்?"

"இல்லன்னா நீங்க ஏன் எனக்குப் போன் பண்றீங்க? என் தங்கச்சி வீட்டுலயும் இதேதான் ஆச்சு. அதான் கேட்டேன். சரி, திசை முக்கியமா, இல்லையா? சொல்லுங்க."

"முக்கியம்."

"கடையில சத்தமா இருக்கு. கேக்கல."

"முக்கியம்மா. முக்கியம்."

"கரண்டைப் பிடுங்குங்க. மோட்டார் பின்னாடி, சுருள் சுத்தின இரும்புக்கட்டு ரெண்டு திருகுல நிக்கும். கழட்டி உருவுங்க, முன்பின்னா திருப்பி மாட்டுங்க. அந்தக் கட்டுல ஒரு ஓரமா செப்பு வளையம் இருக்கும். அது எந்தப் பக்கம் இருக்கோ அதை வெச்சுத்தான் சுத்துற பக்கம். அடுப்பைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான், நான் ரொட்டி சுடுறவ."

திருப்பி மாட்டப் பதினைந்து நிமிடம் ஆனது. மூன்று மணி பத்துக்கு முதல் உருளை தட்டில் விழுந்தது. அந்த டக் என்ற சத்தத்துக்கு நாங்கள் மூவரும் மூச்சுவிடாமல் காத்திருந்தோம். ஏழு நிமிடத்தில் சுடர் எழுந்தது.

நாலு மணிக்கு மார்ட்ஸியா வாசலிலேயே நின்றாள். மருமகன் வண்டியை அணைக்கவில்லை. பிள்ளை போர்வைக்குள் ஒரு மூக்காக மட்டும் தெரிந்தான். அவள் சுவரில் இருந்த வெப்பமானியைப் பார்த்தாள். பதினைந்து. நாங்களும் அதையே பார்த்தோம். அது பதினாறாக மாறியது.

"ஏறுதா, இறங்குதா?" என்றாள்.

"ஏறுது," என்றாள் நீவெஸ்.

மார்ட்ஸியா பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுக் கோட்டைக் கழற்றினாள். வெளியே வண்டி அணைந்தது.

"அடுப்பு ரிப்பேராமே, என்னப்பா ஆச்சு?"

வாயைத் திறந்தேன். இரண்டு முனைகள், கண்ணாடிக் கடிகாரம், செப்பு வளையம், எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன.

"ஒர்னெல்லா சரி பண்ணினா," என்றேன்.

துய்லியோ கோப்பையைக் கீழே வைத்தான். "மாப்ளைக்கு உடம்பு சரியில்ல போல," என்றான்.